நனையாத தாளும் நனையும் வரைபடமும்

கண்டி-குருநாகல் வீதியில், மலைநாட்டின் வாசற்படி போல இருக்கிறது கலகெதர. 1803இல் கண்டியைப் பிடிக்க வந்த பிரித்தானியப் படைக்குக் குறுக்கே நின்ற காவலரண்களில் ஒன்று இங்கேதான் இருந்தது. வெளியார் கைக்கு வழி கிடைக்காமல் இருப்பதையே கண்டி அரசு தன் அரணாக வைத்திருந்தது. ஒற்றையடிப் பாதைகளில் முட்கதவும் காவலும் இருந்ததை, அங்கே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1681இல் லண்டனில் வெளியான தன் நூலில் எழுதினார். நூலோடு கண்டி இராச்சியத்தின் வரைபடம் ஒன்றும் அச்சாகி வந்தது. காட்டில் ஒளித்த பாதை கடைசியில் ஓர் அச்சுக்கூடத்தில் வெளிப்பட்டது. நம் தொழிலுக்கு அதில் சிறு பெருமை உண்டு.

இன்று அதே மலைகளின் பாதைகளைத் தாளில் கேட்டு நம்மிடம் வருகிறார்கள். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் பெக்கோ டிரெயில், அதற்கு முன்பிருந்தே ஆட்களை இழுத்துவந்த நக்கிள்ஸ் மலைத்தொடர் என இரண்டு பக்கமும் நடப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். விடுதிக்காரருக்கு ஐம்பது பிரதி, வழிகாட்டிக்கு இருபது. சின்ன வேலைதான். ஆனால் அதை நாம் செய்துகொடுக்கும் விதம் சரியில்லை என்பதே இந்த இதழில் என் முறைப்பாடு.

வழக்கமாக நடப்பது இது: ஏ3 தாளில் டிஜிட்டல் அச்சு, மேலும் கீழும் லேமினேட், ஓரம் வெட்டி நான்காக மடித்துக் கையில் கொடுப்பது. பில்லில் 'வோட்டர்புரூப்' என்று வேறு எழுதுகிறோம். வெட்டிய ஓரத்தில் கடதாசியின் நார் வெளியே தெரிகிறது. தண்ணீரை அது திரிபோல உறிஞ்சும். மடிப்பில் படலம் வெடித்ததும் இரண்டாவது வாசல் திறக்கிறது. உள்ளே போன ஈரம் வெளியே வராது. சில நாளில் வெள்ளைப் படை, பிறகு பூஞ்சணம். லேமினேட்தான் வேண்டுமென்றால் நான்கு பக்கமும் ஐந்து மில்லிமீற்றராவது வெறும் படலம் ஒட்டியிருக்க வேண்டும், தாளை மடிக்கவும் கூடாது. மடிக்க முடியாத வரைபடத்தைச் சுவரில் மாட்டலாம். மலைக்குக் கொண்டுபோவது சிரமம்.

அப்படியானால் செயற்கைத் தாள்தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் எது, எந்த மெஷினில் என்பதில்தான் பணம் கரைகிறது. டைவெக் உயரடர்த்திப் பொலிஎதிலீன் நாரால் ஆனது. ஏறக்குறைய 130 பாகையில் உருகும். லேசர் மெஷினின் சூட்டு உருளை 200 பாகையை நெருங்கக்கூடியது. இரண்டையும் சேர்த்தால் தாள் போவதோடு உருளையும் போகும். பொலிபுரொப்பிலீனுக்கும் 160 பாகை அளவில் அதே கதி. டோனர் மெஷினுக்கு, 250 பாகை அளவில்தான் உருகும் பொலியெஸ்டர் தாளே பாதுகாப்பு. அதிலும் டோனர் பிடிக்கும் பூச்சுள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். இன்க்ஜெட் என்றால் நுண்துளைப் பூச்சும் நிறமி மையும் வேண்டும். சாய மை முதல் மழையிலேயே ஓடிவிடும்.

ஓப்செட்டில் வேறு தலைவலி. இந்தத் தாள் மையைக் குடிக்காது. கடதாசியில் பாதி வேலையை உறிஞ்சல் செய்துவிடும்; இங்கே மை காற்றிலுள்ள ஒட்சிசனால் மட்டுமே காய வேண்டும். சாதாரண மையைப் போட்டு ஆள் உயரத்துக்கு அடுக்கினால் காலையில் ஒவ்வொரு தாளின் முதுகிலும் அடுத்ததின் படம் இருக்கும். ஒட்சியேற்றத்தால் காயும் மை, குறைந்த தண்ணீர், தாழ்ந்த அடுக்கு, பொறுமை. யூவி வசதி உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் ஐம்பது பிரதிக்கு அவர்கள் மெஷினை ஓடவிடுவார்களா என்பது வேறு கதை.

பிரச்சினை தாளில் இல்லை, மையில் என்பது புதிய பாடமும் அல்ல. இரண்டாம் உலகப் போரில், எதிரியிடம் சிக்கினால் தப்பிவர உதவும் வரைபடங்களைப் பிரித்தானியாவின் எம்.ஐ.9 பிரிவு பட்டுத்துணியில் அச்சிட்டது. நனைந்தாலும் கிழியாது, கசக்கினாலும் சத்தம் வராது. ஆனால் முதல் முயற்சிகளில் மை பரவிக் கோடுகள் கலங்கின. அந்தப் பிரிவின் கிளேட்டன் ஹட்டன் மையோடு பெக்ரின் கலந்த பிறகே எழுத்து தெளிந்தது. ஜாம் உறையப் போடும் அதே பெக்ரின்!

நமக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு: புள்ளி. ஐந்து பொயின்ற் அளவில் தமிழ் இடப்பெயர்களை அச்சிட்டால், டைவெக்கின் நார்மேட்டில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். மை கூடினால் சுழிகள் அடைபடும். சிங்கள எழுத்தின் வளைவுகளுக்கும் இதே ஆபத்து. ஆங்கில எழுத்தைப் பார்த்துச் சரி என்று ஒப்பமிடும் வடிவமைப்பாளர் இதைக் கவனிப்பதில்லை. தோட்டத்து லயன்களில் வழி கேட்பவர் விரல் வைத்துக் காட்டுவது தமிழ்ப் பெயரைத்தான். ஏழு பொயின்றுக்குக் கீழே போகாதீர்கள். இடம் போதாவிட்டால் பெயர்களைக் குறையுங்கள். தமிழ்ப் பெயரை ஒற்றைக் கறுப்பில் வையுங்கள், நான்கு நிறக் கலவையில் வேண்டாம். நிறப்பதிவு ஒரு மில்லிமீற்றர் விலகினால் 1:50,000 அளவுத்திட்டத்தில் நிலத்தில் 50 மீற்றர். நக்கிள்ஸ் சரிவில் அது பாதைக்கும் பள்ளத்துக்குமான தூரம்.

கட்டக் கோடுகளையும் பாருங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய கட்டத்தில் பிதுருதலாகலையின் ஆள்கூறுகள் 200,000 மீற்றர். 1999 கட்டத்தில் 500,000. வாடிக்கையாளர் தரும் கோப்பில் இரண்டும் கலந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். அடித்தளம் ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்றால் அதன் உரிமைக் குறிப்பு வரியை அழகுக்காக அழித்துவிடக் கூடாது.

இனி, தாளைவிட முதலில் பழசாகும் விசயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் வீதிகளையும் பாலங்களையும் கொண்டுபோயின. அதற்கு முதல் மாதம் அச்சான நல்ல பொலியெஸ்டர் வரைபடம் இன்னும் பல வருடம் கிழியாமல் இருக்கும், இல்லாத பாதையைக் காட்டிக்கொண்டு. ஆகவே மொத்தமாக ஆயிரம் அடித்து விலையைக் குறைக்கும் பழைய கணக்கு இதற்குப் பொருந்தாது. ஐம்பது, நூறு என்று அடித்து, பாதை சரிபார்த்த மாதத்தையும் வருடத்தையும் மூலையில் பெரிதாகப் போட்டு, மறுபடி அடிப்பதே முறை. இந்த அளவு வேலைக்குக் கொழும்பின் பெரிய மெஷின்கள் இறங்கிவராது. கண்டியிலும் கலகெதரவிலும் உள்ள சிறு அச்சகங்களுக்கே இது ஏற்றது, விலையைத் துணிந்து சொல்ல அவர்கள் பழகினால்.

எந்தத் தாளில், எந்த மையில், எந்த மெஷினில் அடித்தீர்கள் என்ற விவரத்தோடு உங்கள் மாதிரிகளை அனுப்புங்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மடித்து விரித்து, வெயிலில் காயப்போட்டு, தேறியதையும் தேறாததையும் அட்டவணையாக வெளியிடுகிறோம். தேறாதவற்றை அனுப்பியவர்களின் பெயரைப் போடமாட்டோம்.