கண்ணைக் கட்டாத சோதனை

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். முதலாண்டு பிசிக்ஸ் லேபில் எனக்கு வந்த ரீடிங் வேறு, ரெக்கார்டில் எழுதிய ரீடிங் வேறு. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து விடை முன்னாடியே தெரிஞ்சு போச்சு. அப்புறம் வெர்னியர் நமக்கு வேண்டியதைத்தான் காட்டும்! உங்களில் யார் செய்யவில்லை, கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.

மருந்துச் சோதனையிலும் இதே தொல்லைதான். அதனால்தான் யாருக்கு எந்த மருந்து என்பதை நோயாளிக்கும் டாக்டருக்கும் மறைத்துச் செய்கிறார்கள். "மறைக்காத சோதனை சோதனையே இல்லடா" என்கிறான் எம்.எல்.டி. படிக்கும் என் நண்பன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமை. கேள்வி இதுதான்: காசநோயாளியை சானடோரியத்தில் சேர்க்கணுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா? 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. படுத்திருப்பது வீடா சானடோரியமா என்பதை யாரிடம் மறைப்பது? எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் தீர்ப்பு சொன்னது டாக்டரின் ஆசை இல்லை, சளியை வளர்த்துப் பார்த்த பரிசோதனை. கிருமிக்கு வீடும் தெரியாது, சானடோரியமும் தெரியாது! மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். நம்ம லேபில் இப்படி ஒரு திடீர் செக்கிங் வந்தால் என் கதி என்ன?

1959-ல் முடிவு வந்தது. கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92. நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு எல்லாம் இருந்தும் அவ்வளவுதான் வித்தியாசம். கூட இருந்த குடும்பத்தாருக்கும் ஆபத்து கூடவில்லை. வீட்டிலிருந்தே வைத்தியம் என்பது உலகம் முழுக்கப் பரவ இது வழிவிட்டது.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: மறைக்க முடிந்த இடத்தில் மறை. முடியாத இடத்தில் குலுக்கிப் பிரி, ஆசைப்பட்டு மாற்ற முடியாத ஒன்றை அள.

என் பெரியப்பாவுக்கு டி.பி. வந்தபோது ஆறு மாசம் திண்ணையில்தான் படுத்தார். அவர் டம்ளரை வேறு யாரும் தொட மாட்டோம். பிள்ளைங்களைக் கிட்ட விடல. சேத்துப்பட்டில் பதில் எழுதி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது; முத்தியால்பேட்டை எங்க தெருவுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.