பெயரும் வழிமாற்றமும்

வாணிகஞ் செய்வார்க்கு நற்பெயரே பெருமுதல் என்பது யாவரும் அறிந்ததே. கடைத்தெருவிற் கண்ட இவ்வுண்மை இணையத்திற்கும் பொருந்தும். ஆங்குள்ள கணினிகளின் முகவரிகள் எண்களால் ஆயவை. அவற்றை நினைவிற் கொள்ளுதல் அரிது. ஆதலின் 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர், எண்களுக்கு ஈடாகப் பெயர்களை வழங்கும் முறையை வகுத்தார். டொமைன் என வழங்கும் தளப்பெயர் இங்ஙனம் தோன்றியதே.

ஒரு பெயரை நாடி வந்தாரை மற்றொரு முகவரிக்குத் திருப்பிவிடுதலும் கூடும். இதனை வழிமாற்றம் என்பர். நிலையான மாற்றத்திற்கு 301 என்றும், தற்காலிக மாற்றத்திற்கு 302 என்றும் குறியெண்கள் உள. வீடு மாறியவன் பழைய வாயிலிற் புதிய விலாசத்தை எழுதி வைப்பதை இஃது ஒக்கும். தன் பெயரைப் பிழைபட எழுதுவாரும் தன்னிடமே வந்து சேருமாறு, ஒரு நிறுவனம் அப்பிழைப் பெயர்களையும் வாங்கித் தன் தளத்திற்குத் திருப்புதல் முன்யோசனையுடைய செயலேயாம்.

எனினும், வருவோர் தொகையைப் பெருக்குதல் ஒன்றே கருதி, பிறர் பெயரை ஓரெழுத்துத் திரித்துப் பதிவு செய்து, வழிதப்பினாரைத் தம்பால் இழுப்பாரும் உளர். “முந்தினார்க்கே பெயர், பிழையாய் எழுதியது வந்தவர் குற்றம்” என்பது அவர் வாதம். இதனை யாம் ஒப்புகிலேம். அமெரிக்காவில் ஜான் சுக்கரினி என்பார், டிஸ்னிலாந்து முதலாகச் சிறார் விரும்பும் பெயர்களைச் சிதைத்துப் பதிந்து, தேடிவந்த பிள்ளைகளை ஆபாசத் தளங்களுக்குத் திருப்பினார். 2003இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்கீழ் 2004இல் சிறைத்தண்டனை பெற்றார். எழுத்துப் பழகும் குழந்தையின் பிழையைக் குற்றமென்று கூறவும் ஒருவர்க்கு மனம் வருமோ?

நம் நாட்டு நீதிமன்றங்களும் இதனைப் பொறுத்தில. யாஹூவின் பெயரோடு இந்தியா என்னுஞ் சொல்லைச் சேர்த்துத் தளம் நடத்தினாரை 1999இல் டெல்லி உயர்நீதிமன்றம் தடுத்தது. சிஃபி என்னும் பெயர்பற்றிய வழக்கில், தளப்பெயர் வெறும் முகவரியன்று, வாணிக அடையாளமுமாம் என்று 2004இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் ஒருபுறமிருக்க, ஊதியந்தான் யாது? நூல் நாடி வந்தவன் துணிக்கடையைக் கண்டால் உடனே திரும்பிச் செல்வான். கணக்கில் ஒருவர் கூடுவார். கடையில் ஒருவரும் நில்லார்.

இது நமக்கு அயலான செய்தியன்று. மாணவர் சங்கங்கள் பலவும் தளம் அமைக்கும் காலம் இது. உரிய காலத்திற் கட்டணம் செலுத்திப் புதுப்பியாவிடின் தளப்பெயர் கைவிட்டுப் போம். அதனைப் பிறர் வாங்குவர். பழைய இணைப்புகளை நம்பி வரும் நம் நண்பர் எங்கெங்கோ திருப்பப்படுவர். ஆதலின் பெயரைக் காக்கும் பொறுப்பை ஆண்டுதோறும் மாறும் செயலாளர் ஒருவர்பால் விடாது, சங்கத்தின் பேராலேயே வைத்தல் வேண்டும்.

வந்தவர் எதனை நாடி வந்தாரோ அதனிடத்தே அவரைச் சேர்ப்பது நேரிய வழிமாற்றம். அவர் நாடாததனிடம் கொண்டு தள்ளுவது வஞ்சனை. தளம் அமைக்கப் புகும் நம் தோழர் இவ்வளவைக் கருத்திற் கொள்வாராக.