கலோரிக் கணக்கு யார்க்கு?

நாள்தோறும் இத்துணைக் கலோரி உண்க என்று ஓர் அரசு தன் மக்கட்கு எண் வகுத்துக் கூறுதல் தகுமா என்பது, எளிதில் விடை கூறிக் கடந்துவிடத் தக்க வினா அன்று. எண் வேண்டும் என்பார் அறிவியலைத் துணைக்கு அழைப்பர். வேண்டா என்பார் பட்டறிவைத் துணைக்கு அழைப்பர். அவ்வெண் யாரை நோக்கிச் சொல்லப்படுகின்றது என்பதை இருசாராரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த ஐதராபாத்து ஊட்டவியல் நிறுவனம் 2024ஆம் ஆண்டில் உணவு வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. 17 நெறிகளைக் கூறும் அந்நூல், 2000 கலோரிக்குரிய ஒருநாள் உணவுத் தட்டினையும் வகுத்துக் காட்டுகின்றது. கூலம் 250 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பருப்பு 85 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி லிட்டர் எனப் பகுப்பு அமைகின்றது. பகுப்பு நன்றே. ஆயின், 2000 என்னும் எண் எவர் வயிற்றுக்கு உரியது?

அக்கழகமே 2020இல் வகுத்த கணக்கைப் பார்ப்போர்க்கு விடை விளங்கும். இருந்த இடத்திலிருந்தே பணிபுரியும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரி போதும். கடுமையாக உழைக்கும் ஆணுக்கோ 3470 வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண் கடுமையாக உழைப்பின் அவளுக்கு 2720 வேண்டும். கல்லும் மண்ணும் சுமக்கும் பெண்ணுக்கு, நாற்காலியில் அமர்ந்து எழுதும் ஆணைவிட 610 கலோரி மிகுதியாகத் தேவை என்பது இதன் பொருள். வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவளும் அவளேயன்றோ? எல்லார்க்கும் பொதுவென ஓர் எண்ணை எழுதி வைத்தால், அவள் பசி அவ்வெண்ணுக்குள் மறைந்துபோகும்.

எண்ணுக்கு மற்றுமொரு குறையும் உண்டு. 40 கிராம் வெள்ளைச் சருக்கரை 160 கலோரி தரும். ஐம்பது கிராமுக்குச் சற்றுக் குறைந்த பருப்பும் அதனையே தரும். பருப்பு உடலை வளர்க்கும் புரதத்தையும் உடன்தருகின்றது. சருக்கரையில் அஃது அறவே இல்லை. கலோரி ஒன்றையே எண்ணுவார்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் உணவின் அளவை வலியுறுத்தினாரேனும் எண் எதனையும் கூறினாரல்லர். பசியையும் செரிமானத்தையுமே அளவுகோலாக வைத்தார்.

அங்ஙனமாயின் கலோரிக் கணக்கை அறவே நீக்கிவிடலாமோ? நீக்கின் வரும் கேடு பெரிது. 1979இல் திட்டக்குழு அமைத்த வல்லுநர் குழு, சிற்றூரில் 2400, நகரில் 2100 கலோரி பெறுதற்கு ஒத்த செலவையே வறுமைக்கோட்டுக்கு அடிப்படையாக்கிற்று. 2009இல் தெண்டுல்கர் குழு அக்கட்டினை அவிழ்த்தது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் ஆகும் செலவைச் சேர்த்தெண்ணியது முறையே. ஆனால், ஏழையின் வயிறு நிரம்பிற்றா என்று கேட்டற்கிருந்த அளவுகோல் தளர்ந்தது.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க. பள்ளி உணவில் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருத்தல் வேண்டுமென அது கூறுகின்றது. இங்கே எண் பிள்ளையை நோக்கிப் பேசவில்லை. ஆட்சியை நோக்கிப் பேசுகின்றது. குறைந்தால் ஏன் என்று கேட்கும் உரிமையைத் தருகின்றது. அச்சட்டமே முன்னுரிமைக் குடும்பத்தார்க்கு ஆளொன்றுக்குத் திங்கள்தோறும் 5 கிலோ கூலம் தருகின்றது. நாளொன்றுக்கு 167 கிராம். 600 கலோரிக்கும் குறைவு. கடுமையாக உழைப்பவனுக்கு வேண்டும் 3470இல் அஃது ஏறத்தாழ ஆறிலொரு பங்கு. எண் இருப்பதனாலன்றோ இக்குறை தெரிகின்றது!

ஆகவே, வழிகாட்டி நூல் இருவர்க்கும் இருவகையாகப் பேசுதல் வேண்டும். உண்போர்க்குக் கலோரி வேண்டா. எத்துணைப் பிடி பருப்பு, எத்துணைக் கிண்ணம் கீரை என்று அடுக்களை அளவாற் கூறுக. ஆள்வோர்க்கு எண்ணைக் கூறுக. உழைப்பு, அகவை, கருவுற்ற நிலை என்றிவற்றின்படி பிரித்துக் கூறி, பங்கீட்டுக் கடையிலும் பள்ளி உணவிலும் தருவது அதில் எத்துணைப் பங்கு என்பதை அருகிலேயே எழுதுக. அவ்வாறு எழுதப்படும் நாளில்தான் கலோரிக் கணக்கு ஏழைக்குப் பயன்படும்.