மருந்தோடு சேர்ந்த யோகா

ஓபியாய்டு சார்புநிலைக்குச் சிகிச்சை பெறுவோருக்கு யோகா உதவுமா? 1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மெத்தடோன் என்ற மாற்று மருந்தை எடுத்துவந்தவர்களில் ஒரு பிரிவினர் ஹத யோகம் கற்றனர்; மறு பிரிவினர் குழு உளவியல் சிகிச்சை பெற்றனர். ஆறு மாத முடிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2026இல் வெளியான பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வு வேறு விடை சொன்னது. போதைப்பொருளை நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறிகளோடு வந்த 59 ஆண்களில், புப்ரனார்ஃபின் மருந்தோடு யோகாவும் செய்தவர்கள் இடைநிலை (மீடியன்) கணக்கில் 5 நாளில் நிலைப்பட்டார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 9 நாள் ஆயிற்று.

இவை ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றவில்லை. முதல் ஆய்வு நீண்ட பராமரிப்புக் காலத்தைப் பார்த்தது. இரண்டாவது, உடல் பதறும் தொடக்க நாட்களை. விலகலின்போது மூளைத்தண்டில் நோரட்ரினலின் எல்லை மீற, படபடப்பும் வியர்வையும் தூக்கமின்மையும் வாட்டுகின்றன. யோகாவில் மூச்சை நிதானமாக வெளிவிடும்போது பாராசிம்பதடிக் நரம்புகள் தூண்டப்பட்டு இதயத் துடிப்பு தணிகிறது.

இரு ஆய்விலும் எவருக்கும் மருந்து மறுக்கப்படவில்லை என்பதே நாம் அழுத்திச் சொல்ல வேண்டியது. 'மருந்தில்லா மீட்பு' என்ற பேச்சுக்குக் குடும்பங்கள் எளிதில் மயங்குகின்றன. போதைப்பொருளையும் மருந்தையும் ஒருசேர நிறுத்தியவரின் தாங்குதிறன் குறைந்துபோகும். அவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சடங்கி இறக்க நேரிடும். யோகா ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

நடைமுறையில் சில கவனங்கள் தேவை. நாக்கடியில் வைக்கும் புப்ரனார்ஃபின் மாத்திரைக்காக நாள்தோறும் மையத்துக்கு வருபவருக்கு, அந்த வேளையை ஒட்டியே வகுப்பு இருக்கட்டும். தனி நேரம் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர் வரமாட்டார். விலகல் அறிகுறிகளைத் தணிக்கக் குளோனிடின் எடுப்பவர் சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் சரியும். படுத்திருந்தவரைச் சற்று உட்காரவைத்த பிறகே நிற்கச் சொல்லுங்கள். கபாலபாதி போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளைத் தொடக்க வாரங்களில் தவிர்ப்பது நல்லது. அனுமதி கேட்காமல் எவரையும் தொட்டு நிலையைத் திருத்தாதீர்கள். அடி உதை பட்டு வந்தவர்கள் நம் வகுப்புகளில் உண்டு.

நிம்ஹான்ஸ் ஆய்வு சிறியது. அதில் பெண்கள் இல்லை. எனவே நம் மையங்களின் பதிவேடுகளும் பேச வேண்டும். வகுப்புக்கு வந்தவர்களின் எண்ணிக்கையோடு, அவர்களில் ஆறு மாதம் கழித்தும் சிகிச்சையில் நீடிப்பவர்களின் எண்ணிக்கையையும் ஆண், பெண் எனப் பிரித்துக் குறித்துவாருங்கள். பலன் இல்லையென்று தெரிந்தாலும் எழுதி அனுப்புங்கள், வெளியிடுவோம்.