வரி மாறும், பழைய பில் மாறக் கூடாது

2022 ஜூன் முதலாந் திகதி இலங்கையில் பெறுமதி சேர் வரி (வற்) 8 வீதத்திலிருந்து 12 வீதமானது. மூன்று மாதம் கழிய, செப்டம்பர் முதலாந் திகதி, 15. பிறகு 2024 ஜனவரி முதலாந் திகதி 18. அதே நாளில் வரிப் பதிவுக்கான ஆண்டுப் புரள்வு எல்லையும் 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனுக்கு இறங்கி, அதுவரை வற் பக்கமே போகாத கடைகளையும் உள்ளே இழுத்தது. மடவளை பஸாரிலும் கண்டி நகரிலும் மொத்தக் கடைகளுக்கு பில் போடும் இணையச் செயலி எழுதிக் கொடுத்து, மாதாமாதம் ஒரு சிறு தொகைக்குப் பராமரித்தும் வருகிற நம் வாசகர்களுக்கு அந்தப் பத்தொன்பது மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

நம்மிடையே புழங்கும் பெரும்பாலான செயலிகளில் ‘வற் வீதம்’ என்று அமைப்புகள் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குப் பின்னால் தரவுத்தளத்தில் ஒரே ஒரு வரிசை. ஜூன் முதலாந் திகதி காலையில் கணக்குப்பிள்ளை அதில் 12 என்று அடித்துச் சேமிக்கிறார். அன்றைய பில் சரியாகவே வருகிறது. மே மாதத்து பில் ஒன்றுக்குப் பிரதி கேட்டு ஒருவர் வரும்போதுதான் வம்பு. விலையையும் அளவையும் பழைய பதிவிலிருந்து எடுக்கிற நிரல், வரியை மட்டும் அந்த நிமிடத்தில் பெருக்குகிறது. மே மாத பில்லில் 12 வீதம் விழுகிறது. ஓகஸ்டில் விற்று செப்டம்பரில் திரும்பி வந்த சரக்குக்கு எழுதும் வரவுக் குறிப்பில் 15. காலாண்டு முடிவில் வரி அறிக்கை ஒரு கணக்கைச் சொல்ல, கோப்பில் கிடக்கும் பில்கள் வேறொன்றைச் சொல்கின்றன.

கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஓரிடத்தில் மாற்றினால் எங்கும் மாறிவிடும் என்பது நாம் முதலாளிமாருக்குப் பெருமையாகக் காட்டிய வசதி. சட்டம் கேட்பதோ வழங்கல் நடந்த நாளின் வீதத்தை. அப்படியானால் வீதம் என்பது ஒரு பெட்டியில் வைத்து அவ்வப்போது அழித்து எழுதும் எண்ணாக இருக்க முடியாது. திகதியைக் கொடுத்தால் வீதத்தைத் தரும் ஒரு சார்பு அது. 2022 மே 31 ஐக் கொடுத்தால் இன்றைக்கும் 8, பத்து வருடம் கழித்தும் 8. கணக்குப்பிள்ளைமாருக்கு இது புதிதல்ல. பேரேட்டில் எழுதியதை அவர்கள் அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போட்டுத்தான் திருத்துவார்கள். அந்தப் பேரேட்டை அழித்து எழுதும் வரிசையாக மாற்றியவர்கள் நாம்தான்.

இந்தச் சார்பை எழுத ஹாஸ்கெல் போன்ற சார்பு மொழி எதற்கு, பிஎச்பியின் லாராவெலிலேயே எழுதலாமே என்று கேட்டால், எழுதலாம்தான். எந்த மொழியிலும் ஐந்து நிமிட வேலை. பிஎச்பியில் அது அப்படியே நிலைக்கும் என்பதற்கு மட்டும் உறுதி கிடையாது. ஒரு வருடம் கழித்து அவசரத்தில் யாரோ, ஏன் நாமே கூட, திகதி வராத இடத்தில் ‘இன்றைய திகதி’ என்று உள்ளே ஒரு வரி சேர்த்துவிடுவோம். கம்பைலர் என்று ஒன்று இருந்தால் அது தடுக்க வேண்டும். ஹாஸ்கெல் தடுக்கிறது. திகதியிலிருந்து வீதம் என்று வகை எழுதிய சார்பு கடிகாரத்தைப் பார்க்க முடியாது. பார்த்தாக வேண்டுமென்றால் அந்தச் செய்தி வகையிலேயே வெளிப்பட்டு, அதைக் கூப்பிடும் ஒவ்வோர் இடத்திலும் தெரிந்தாக வேண்டும். பின்கதவு ஒன்று இருக்கிறதுதான், ஆனால் அதன் பெயரிலேயே ‘ஆபத்து’ என்று எழுதியிருக்கிறது.

கடிகாரத்தைக் கண்டபடி நம்பக் கூடாது என்பதற்கு நம் நாட்டைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1996 மே மாதம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினோம், அதே ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தோம், 2006 ஏப்ரலில் மிச்ச அரை மணியையும் இழுத்துப் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னான பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்தோம். பழைய பதிவுகளைக் கையாளும் யாரும் இந்த மூன்று திகதிகளில் ஒரு முறையாவது இடறியிருப்பார்கள்.

இனி அடையாள அட்டை. பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஒரு வீ அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 முதல் பன்னிரண்டு எண், எழுத்து இல்லை. இரண்டும் இன்று செல்லும். பழையதைப் புதியதாக்க, முன்னால் 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று எண்களுக்குப் பிறகு ஒரு பூச்சியத்தை நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். பெண்களுக்கு நாள் எண்ணில் 500 கூட்டியிருக்கும். போதாததற்கு, எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே அந்த எண் கணக்கிடப்பட்டிருக்கிறது. சாதாரண வருடத்தில் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்தவருக்கு இதைக் கவனிக்காவிட்டால் பிறந்த திகதி ஒரு நாள் தள்ளிப்போகும். இவ்வளவையும் நாம் ஒரு சரத்தில் போட்டு, நீளம் பத்தா பன்னிரண்டா என்று நிரலின் நாற்பது இடங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் ஒரே ஆள் பழைய இலக்கத்தில் ஒரு தடவை, புதிய இலக்கத்தில் ஒரு தடவை என்று இரண்டு கடன்காரராகப் பதிவாகிறார்.

ஹாஸ்கெல், எல்ம், ஓகேமல் போன்ற மொழிகளில் இதற்கு ‘பழையது அல்லது புதியது’ என்று ஒரு வகையை அறிவிக்கிறோம். வெளியிலிருந்து வரும் எழுத்து வாசலில் ஒரு முறை சோதிக்கப்பட்டு இரண்டில் ஒன்றாகிறது. ஆகாவிட்டால் உள்ளே வராது. அதற்கு மேல் எங்கு பயன்படுத்தினாலும் இரண்டு வடிவத்துக்கும் பதில் எழுதினோமா என்று கம்பைலர் பார்க்கிறது. நாளைக்கு ஆட்பதிவுத் திணைக்களம் மூன்றாவது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தால், வகையில் ஒரு சொல்லைச் சேர்த்ததும் திருத்த வேண்டிய எல்லா இடங்களையும் கம்பைலரே வரிசையாகக் காட்டும். தனி ஆளாக இருபது கடையைப் பராமரிப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவியாளர் இல்லை.

வங்கிக் கொடுப்பனவும் இதே கதைதான். பணம் போனது, போகவில்லை என்ற இரண்டோடு ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது பதிலும் உண்டு. இணைப்பு நடுவில் அறுந்தால் கிடைப்பது அதுதான். பிழையைத் தூக்கி எறிந்து எங்கோ பிடிக்கும் பாணியில் இந்த மூன்றாவது பதில் ‘போகவில்லை’ என்ற பெட்டிக்குள் விழுந்து, வாடிக்கையாளரிடம் இரண்டு முறை காசு எடுக்கப்படுகிறது. பிழையும் ஒரு சாதாரண மதிப்பாகத் திரும்பி வந்தால் அதற்குப் பெயர் வைத்துக் கையாளாமல் தப்ப முடியாது.

சார்பு மொழிகள் பெரிய கம்பனிகளுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் உரியவை என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1995 இல் போல் கிரேமும் ரொபர்ட் மொரிஸும் உலாவியிலேயே கடை கட்டிக்கொள்ளும் வயாவெப் செயலியை லிஸ்பில் எழுதினார்கள். கையளவு ஆட்கள்தான். 1998 இல் யாஹூ அதை வாங்கியது. எர்லாங் 1986 இல் எரிக்ஸன் கம்பனியில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்தது. வட்ஸ்அப் அதன் மேல்தான் நின்றது. 2014 இல் பேஸ்புக் அதை வாங்கியபோது மாதம் 45 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள், பொறியியலாளர்கள் முப்பத்திரண்டு பேர். ஆள் பலம் இல்லாத இடத்தில்தான் இந்த மொழிகள் தங்கள் கூலிக்கு வேலை செய்திருக்கின்றன.

வயாவெப் கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். வாங்கிய யாஹூ, 2003 வாக்கில் அந்த லிஸ்ப் நிரலைத் தூக்கி வைத்துவிட்டு சி++ இலும் பேர்லிலும் திருப்பி எழுதியது. தொடர்ந்து பார்க்க ஆள் பிடிப்பது எளிதல்ல. மடவளையில் நாம் இந்தப் பிரச்சினையை இன்னும் நெருக்கமாக அறிவோம்: எழுதிய பிள்ளை கட்டாருக்குப் போய்விடுகிறார், கடை இங்கேயே இருக்கிறது.

பக்கத்து நாட்டில் ஒரு துணிச்சலான பதில் இருக்கிறது. பெங்களூரின் ஜஸ்பே கம்பனி பணக் கொடுப்பனவு மென்பொருளில் ஹாஸ்கெலை வருடக்கணக்காகப் பயன்படுத்துகிறது. 2022 இன் இறுதியில் அவர்கள் கொண்டுவந்த ‘நம்ம யாத்ரி’ ஓட்டோச் செயலியின் பின்புலமும் ஹாஸ்கெல்தான், முன்புலத்துக்கு பியோர்ஸ்கிரிப்ட். ஓட்டுநரிடம் பயணத்துக்குப் பயணம் தரகு பிடிக்காத செயலி அது. நிரல் முழுவதும் திறந்த மூலம். இறக்கிப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் அங்கே ஒரு கம்பனி நிறைய ஹாஸ்கெல் ஆட்களைத் தானே பயிற்றி வைத்திருக்கிறது. அதைப் பார்த்து ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு ஹாஸ்கெலில் எழுதப் புறப்படும் தனி ஆளுக்கு ஆசிரியர் குழுவின் வாழ்த்து உண்டு, பரிந்துரை இல்லை.

நம் நாட்டுப் பதில் பெலரினா மொழி. சஞ்சீவ வீரவர்ணவை நிறுவுனர்களில் ஒருவராகக் கொண்டு 2005 இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 கம்பனியின் உருவாக்கம். மொழி வடிவமைப்பில் எக்ஸ்எம்எல் தரத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜேம்ஸ் கிளார்க்கின் கை இருக்கிறது. 2017 இல் அறிவித்தார்கள், 2022 பெப்ரவரியில் ‘ஸ்வான் லேக்’ என்ற நிலையான பதிப்பு வந்தது. தூய சார்பு மொழி என்று அதைச் சொல்ல மாட்டோம், அவர்களும் சொல்லவில்லை. ஆனால் நமக்கு வேண்டிய பல துண்டுகள் உள்ளே இருக்கின்றன. பிழை ஒரு மதிப்பு. ‘செக்’ என்று எழுதினால் மேலே போகும், மறந்துவிட்டால் கம்பைலர் விடாது. மாறாத தரவுக்கு ‘ரீட்ஒன்லி’. ‘ஐசொலேட்டட்’ என்று குறித்த சார்பு பூட்டில்லாமல் பொதுநிலையைத் தொடாது என்று கம்பைலரே சரிபார்க்கும். காசுக்கு ‘டெசிமல்’ வகை மொழியிலேயே உண்டு. சதம் கணக்கில் மிதவை எண் செய்யும் சேட்டையை அனுபவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வங்கியோடும் கூரியர் கம்பனியோடும் பேசும் இணைப்பு வேலைகளுக்கு நாம் தயங்காமல் சொல்வது இதைத்தான். உதவி கேட்டால் பதில் சொல்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள் என்பதும் சின்ன விடயமல்ல. குறை என்றால், அது ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடுவதால் மலிவான வாடகை சேவையகத்தில் நினைவகம் இறுகும்.

கடைக்குள்ளேயே ஓடும் பல முனைச் செயலிக்கு எலிக்சிர். எர்லாங்கின் இயந்திரத்தின் மேல் பிரேசில்காரர் ஹோசே வாலிம் கட்டிய மொழி, 2014 இல் முதல் நிலையான பதிப்பு. ஒவ்வொரு காசுமேசைக்கும் ஒரு தனிச் சிறு செயல்முறை. ஒன்று விழுந்தால் மேற்பார்வையாளர் அதை மட்டும் சரியென்று தெரிந்த ஒரு நிலையிலிருந்து மறுபடி எழுப்புகிறார், பக்கத்து மேசைக்குத் தெரியவே தெரியாது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன மின்வெட்டுக்கு இது மருந்து என்று சிலர் விற்கிறார்கள். அது பொய். இயந்திரமே அணைந்தால் காப்பாற்றுவது தரவுத்தளத்தின் பரிவர்த்தனைப் பதிவும் ஒரு நல்ல யூபிஎஸும்தான்.

எலிக்சிரின் லைவ்வியூவில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதாமலே உயிருள்ள பக்கம் செய்யலாம். ஒவ்வோர் அழுத்தமும் சேவையகத்துக்குப் போய் வருவதுதான் அதன் முறை. சேவையகம் கடையின் பின்னறையில் இருந்தால் அருமை. சிங்கப்பூரில் இருந்து, விற்பனைப் பிரதிநிதி வத்தேகம தாண்டி பன்வில பக்கம் ஏறிக்கொண்டிருந்தால், சிக்னல் போன இடத்தில் ஓர்டரும் போகும். அந்த வேலைக்கு உலாவிக்குள்ளேயே நிலையை வைத்திருக்கும் எல்ம் பொருத்தமானது. ஆனால் 2019 ஒக்டோபருக்குப் பிறகு பல வருடங்களாக எல்மில் புதிய பதிப்பு வரவில்லை. அதன் சிந்தனையை ரெடக்ஸ் வழியாக ரியாக்ட் உலகம் உறிஞ்சிக்கொண்டது. ரியாக்டின் முதல் மாதிரியையே ஜோர்டன் வோக் எம்எல் மொழியில்தான் எழுதினார். நிலையைக் கொடுத்தால் திரையைத் தரும் சார்பு என்று தினமும் எழுதிக்கொண்டே ‘எனக்கு சார்புமுறை தெரியாது’ என்று சொல்பவர்கள் நம்மில் அதிகம்.

ஆகவே மொழியை மாற்றும் முன் ஒரு வேலை. வரி, தள்ளுபடி, தவணை, அடையாள அட்டை இலக்கம், திரும்பிய சரக்கு: இவற்றின் கணக்கைச் செயலியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்தெடுங்கள். தரவுத்தளம், கடிகாரம், வலையமைப்பு எதையும் தொடாத சார்புகளாக, உயர்தரத்தில் பைதன் படித்த பிள்ளை ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எழுதுங்கள். 2022 மே 31, ஜூன் 1, ஓகஸ்ட் 31, செப்டம்பர் 1, 2023 டிசம்பர் 31, 2024 ஜனவரி 1 ஆகிய ஆறு நாளுக்கும் சோதனை எழுதி வையுங்கள். பிறகு அது லாராவெலில் இருந்தாலும் எலிக்சிருக்குப் போனாலும் அந்தப் பகுதி அப்படியே பெயர்க்கப்படும். புதிய மொழியில் தொடங்குவதென்றால் ஊரில் அதை வாசிக்கக் கூடிய இரண்டாவது ஆள் ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்து, அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இந்தப் பிரித்தெடுக்கும் வேலைக்கு முதலாளியிடம் தனியாகக் காசு கேட்க வேண்டும். தரமாட்டார் என்றால் அடுத்த வரி மாற்றத்துக்கான திருத்தக் கட்டணத்தில் சேர்த்து வாங்குங்கள். அப்போது பேரம் பேச அவருக்கு நேரம் இருக்காது.