வெட்டிவிட்ட கை

புகைப்படக் கலை பயிலும் மாணவன் நான். சென்ற மாதம், பால்மரம் சீவும் அம்மாவை விடியற்காலையில் படமெடுத்தேன். மரநிழலில் வெளிச்சம் போதவில்லை. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை 1/15 நொடிக்கு இறக்கினேன். முகம் தெளிவாக விழுந்தது. கத்தி பிடித்த கை மட்டும் கலங்கிவிட்டது.

படத்தை மூன்றாகப் பிரித்து, அம்மாவை இடப்பக்கக் கோட்டில் நிறுத்தியிருந்தேன். வலப்பக்கம் நிரை நிரையாக மரங்கள். அமைப்பு நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் கணினியில் அந்தக் கையை வெட்டினேன். முகச் சுருக்கங்களையும் துடைத்தேன். வகுப்பில் பாராட்டுகூடக் கிடைத்தது, பாருங்கள்!

அம்மா பார்த்தார். “யாருடா இது? கத்தி எங்கே?” என்றார்.

28 வருடமாக மரம் சீவுகிறவர். எனக்குப் பேச்சு எழவில்லை.

நல்லவேளை, மூலப்படத்தை அழிக்கவில்லை. கை கலங்கிய அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.