மறுபடியும் கை நீட்டுவது ஏன்?



“ரத்தம் குடுத்தா உடம்பு தளர்ந்துடும், மறுநாள் பால்மரம் சீவவோ குலை வெட்டவோ முடியாது” என்ற பயம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஆனாலும், ஒருமுறை கொடுத்தவர் பலர் மறுபடியும் போய்க் கை நீட்டுகிறார்கள். காசுக்காகவா? நம் நாட்டில் இரத்ததானத்துக்குக் கூலி கிடையாது.

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 14 வயதில் நெஞ்சு அறுவைச் சிகிச்சையின்போது பிறர் இரத்தத்தால் பிழைத்தவர். அந்த நன்றிக்கடனுக்காக 1954 முதல் 2018 வரை 1,173 தடவை கொடுத்தார். ஊசியைக் கண்டால் அவருக்கும் ஆகாது, முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்!

முதல் தடவை கூட்டாளி இழுத்துப் போவான். இரண்டாம் தடவை, “நமக்கு ஒண்ணும் ஆகலையே” என்ற தைரியம். மூன்றாம் தடவை, “நான் ரத்தம் குடுக்கிறவன்” என்ற பெருமை. அப்புறம் அதுவே பழக்கம்.

ஆனால் தலைசுற்றி விழுந்தவர் மறுமுறை வரத் தயங்குவார். ஆகவே சாப்பிட்டு, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போங்கள். சோகை என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணைக் கேலி செய்யாதீர்கள். முதலில் அவருக்கு வைத்தியம் பார்க்கட்டும்.

என் கருத்து இதுதான்: நல்ல மனசு இல்லாமல் யாரும் நிற்கவில்லை, கூப்பிட ஆளில்லாமல்தான் பலர் நின்றுபோனார்கள். ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோழர்களே, அடுத்த முகாமுக்குத் தனியாகப் போகாதீர்கள். போன தடவை வந்தவரை வீட்டு வாசலில் போய்க் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் பிரசவத்துக்குப் படுத்திருப்பது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.